மேலே நிற்க ஆசைப்பட்டவள்

எனக்குப் பொறுமை கிடையாது. பொறுமை உள்ளவர்கள் யோகா சொல்லிக்கொடுக்கட்டும். லூயிஷாமில் ஒரு கல்லூரியில், ஆணும் பெண்ணும் கலந்து ஆளை ஆள் தூக்கி ஆடும் சியர்லீடிங் அணிக்கு நான் கோச். ஞாயிற்றுக்கிழமை போட்டி. வெள்ளிக்கிழமை வந்தும் எங்கள் கடைசித் தூக்கு சரிவரவில்லை.

தூக்கு என்றால் இதுதான்: இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருத்தியின் பாதங்களைக் கையில் ஏந்தித் தலைக்கு மேலே தூக்குவார்கள். இன்னொருவர் பின்னால் நிற்பார். அவள் விழுந்தால் தலையும் தோளும் நிலத்தில் படாமல் பிடிப்பது அவர் பொறுப்பு. மேலே நிற்பவள் விறைப்பாக நிற்க வேண்டும், குனியவே கூடாது. குனிந்தால் எல்லோரும் சேர்ந்து சரிவார்கள்.

மேலே நிற்பவள் ஜதுர்ஷிகா. அந்த இடத்துக்கு அவள் சற்று உயரம். ஒரு வருடமாக என் பின்னால் அலைந்து, என் உயிரை வாங்கித்தான் அதைப் பிடித்தாள். அவளுடைய அம்மா யோகமலர் டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். படிக்கிற பிள்ளைக்கு இந்தக் குதிப்பெல்லாம் எதற்கு என்பது அவருடைய கட்சி. ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டுப் பார்க்க வருகிறார். தன்னை மேலே ஒரு தடவை பார்த்தால் அம்மாவின் வாய் அடங்கிவிடும் என்று ஜதுர்ஷிகா நம்பியிருந்தாள்.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், ஏறும்போது அவளுடைய குதிகால் விதுசனின் கன்னத்தில் இடித்தது. விதுசன் கீழே தாங்குபவன், அவளுக்கு மூத்த தமிழ்ப் பெடியன். இந்த விளையாட்டில் முகத்தில் கால் படுவதை யாரும் கணக்கெடுப்பதில்லை. இவளோ அவனுடைய தோள் உயரத்தில் நின்றபடியே குனிந்து, அவன் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று வீட்டில் பழக்கிய கை, அவளைக் கேட்காமலே போய்விட்டது. அடுத்த கணம் எல்லோரும் மெத்தையில் கிடந்தார்கள். பின்னால் நின்ற டானியலுக்கு மணிக்கட்டு சுளுக்கிவிட்டது.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். "மேல நிண்டுகொண்டு கும்பிடுறாய்!"

"தெரியாமல் கை போயிட்டுது மிஸ்."

விதுசன் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். "ஏசாதேங்கோ மிஸ். மற்றவையள் நிலத்தில நிக்கிற மாதிரி எனக்கு மேல நிப்பினம். இவளுக்குத்தான் கீழ ஒரு ஆள் நிக்கிறது தெரியுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன். எங்கே கால் பட்டுவிடுமோ என்று அவளுடைய கண் கீழேயே போனது.

"ஞாயிற்றுக்கிழமை குனியமாட்டன் எண்டு சொல்லு. ஏத்துறன்."

அவள் நிலத்தைப் பார்த்தாள். "அப்பிடிச் சொல்ல ஏலாது மிஸ்."

ஒரு பொய் சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. அவளை டானியலின் இடத்தில் பின்னால் நிறுத்தினேன். மாற்று ஆளாகக் காத்திருந்த குளோயியை மேலே ஏற்றினேன். யாருடைய மூக்கை மிதித்தாலும் திரும்பிப் பாராதவள் குளோயி. தூக்கு முதல் தடவையிலேயே சரிவந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். ஜதுர்ஷிகாவும் தட்டினாள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. கறியை அடிப்பிடிக்க விட்டேன். இடம் மாறியதை ஜதுர்ஷிகா தாயிடம் சொன்னாளா என்று கேட்கப் போனை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வால்தம்ஸ்டோவில் ஒரு விளையாட்டு மண்டபம். முன்வரிசையில் யோகமலர் பட்டுச் சேலையில், போனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். மகள் சொல்லவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

குளோயி ஏறினாள், சிரித்தாள், ஒரு காலைத் தூக்கினாள். ஊன்றிய கால் ஆடியது. விதுசனின் பிடி நழுவ, அவள் தலைகீழாகச் சரிந்தாள். ஆனால் கால் ஆடத் தொடங்கியபோதே ஜதுர்ஷிகா நகர்ந்துவிட்டாள். குளோயியின் கழுத்தையும் தோளையும் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு தானே அடியில் விழுந்தாள். குளோயி எழுந்து கையசைத்தாள். மண்டபம் முழுக்க அவளுக்குக் கை தட்டியது. எங்களுக்குப் பரிசு ஒன்றும் இல்லை.

வெளியே யோகமலர் மகளைப் பிடித்துக்கொண்டார். "நீ எங்கயடி நிண்டனீ? உன்னை நான் காணேல்லையே!"

போனில் படம் முழுக்கக் குளோயி. கீழ் விளிம்பில் இரண்டு கைகள் மட்டும்.

"அன்ரி, அந்தக் கை இல்லாட்டி அந்தப் பிள்ளை இப்ப ஆஸ்பத்திரியில!" என்று நான் பொரிந்து தள்ளினேன். "உங்கட பிள்ளைதான் காப்பாற்றினவள்!"

ஜதுர்ஷிகா அழத் தொடங்கினாள். பெருமையில் அழுகிறாள் என்று நினைத்துத் தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டாள்.

"எனக்கு மேல நிக்கத்தான் மிஸ் ஆசை."

யோகமலர் மகளின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. சேலைத் தலைப்பால் அதை ஒற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஏச்சு வரப்போகிறது என்று நின்றேன்.

"அடுத்த போட்டி எப்ப?" என்று கேட்டார். "அண்டைக்கும் கடையைப் பூட்டிப்போட்டு வருவன். இவளை ஏத்துங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டேன். குனியமாட்டேன் என்று அவள் இன்னும் சொல்லவில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.