வேலிக்கு அந்தப் பக்கத்து மரம்

ஒரகடத்தில் கனகம் தன் வீட்டுத் தோட்டத்தில் அறுபதாம் வருஷம் நட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்த நாவல் மரம் அது. அதை வெட்டச் சொல்லித்தான் பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கன் இதுவரை வேலியோரம் வந்திருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமையோ, விருந்துக்கு வந்த தன் மேலதிகாரிக்கு அதே மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பறவைன்னா எனக்கு உசுரு சார். நான் வச்ச மரந்தான் இது."

சருகு கூட்டிக்கொண்டிருந்த கனகம் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"செங்கல் நிறத்துல ரெக்கை, உடம்பெல்லாம் கருப்பு. அது என்ன பறவை?" என்று கேட்டார் அதிகாரி.

"மைனா சார்."

கனகம் வேலியண்டை வந்தாள். "செம்போத்து சார் அது. மரம் என்னுது. எச்சம் சுவத்துல படுது, வெட்டுன்னு முந்தாநேத்துகூட இந்த ஆளு கத்திகினு இருந்தான்."

பாண்டுரங்கன் சிரித்து மழுப்பினான். அதிகாரி சிரிக்கவில்லை.

"உள்ளே வந்து பார்க்கலாமாம்மா?"

கனகம் படலைத் திறந்தாள். அவர் நுழைந்ததும், பின்னாலேயே வந்த பாண்டுரங்கனின் முகத்துக்கு நேரே சாத்தினாள்.

"நீ இன்னாத்துக்கு? உனக்குத்தான் எச்சம் ஆவாதே."

செம்போத்து புதரில் இறங்கி நத்தையைக் கொத்தியது. அதை அதிகாரிக்குக் காட்டிய கனகம், வெளியே நின்றவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.