நான்கு முன்பற்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவர் நிர்மலனைப் பார்த்திருக்க மாட்டார். மனிதர் ஐம்பத்தைந்து வருஷம் வாயை வைத்துத்தான் பிழைத்தார். பிழைத்தார் என்பதே கொஞ்சம் தாராளமான பேச்சு. டிரம்பெட் ஊதினார். அதுவும் சினிமாப் பாட்டுக்கு இல்லை. ஜோடி ஜோடியாகக் கைகோத்து ஆடுகிறவர்களுக்காக, ஸ்விங் என்கிற பழைய ஜாஸ். அமெரிக்காக்காரனே அதை மூட்டை கட்டி வைத்து இருபத்தைந்து வருஷமான பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர் அதில் போய் விழுந்தார். நேரத்துக்குப் போய்ச் சேரும் வழக்கம் அவருக்கு அப்போதே கிடையாது.

அப்பா ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிள்ளை டாக்டராக வேண்டும், முடியாவிட்டால் கிராணியாகவாவது ஆக வேண்டும். இவர் இரண்டுக்கும் ஒப்பவில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஹோட்டல் பேண்டில் சேர்ந்தார். பதினான்கு பேர். நிர்மலன் எழுந்து நின்று தனியாக ஊதினால், ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பொய் இல்லை, நிஜமாகவே பார்ப்பார்கள்.

அப்புறம் டிஸ்கோ வந்தது, கரோக்கே வந்தது. பதினான்கு பேர் ஏழானார்கள், ஏழு மூன்றானது. பிறகு கிள்ளானில் சீனர் வீட்டுச் சாவுகளுக்கு, பிணம் ஏற்றிய லோரிக்கு முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து ஊதினார். வீட்டைத் தாங்கியது மனைவி மார்க்கிரட்டின் நர்ஸ் வேலைதான். கடைசியில் அவருக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்று. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், பழைய கிளப் ஒன்றில், டிரம்ஸ் வாசிக்கும் நாகையாவோடும் இன்னும் இரண்டு கிழவர்களோடும் வாசிப்பது. கேட்க இருபது பேர் வந்தால் திருவிழா.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலை மகள் இந்துஜா. அவள் பிறந்தநாளா, பினாங்கில் கச்சேரி. விளையாட்டுப் போட்டியா, ஈப்போவில் கல்யாணம். ஒன்பது வயதில் பாட்டுக்குப் பரிசு வாங்கினாள். "கட்டாயம் வரேம்மா" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்துவிட்டு மனிதர் போகவில்லை. பள்ளிக்கூட கேட்டை வாட்ச்மேன் பூட்டும்வரை பிள்ளை பரிசுக் கோப்பையோடு நின்றிருக்கிறாள். அதன் பிறகு அவள் அப்பாவிடம் எதையும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள், முப்பத்தெட்டு வயதில், முகுந்தனோடு கல்யாணம் நிச்சயமானபோது சுங்கை பூலோவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்து கேட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு லா."

"கல்யாணத்துக்கு முன்னுக்குப் பல்லு செஞ்சிக்கிறீங்களா? பூச்சோங்ல தெரிஞ்ச கிளினிக் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன். நம்ப ஆல்பத்துல ஒரு படத்துலகூட நீங்க சிரிக்கல. பாதிப் படத்துல நீங்களே இல்ல."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அந்தப் பல் சமாசாரம் சும்மா இல்லை. மேல்வரிசை முன்பல் நான்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதில் இடதுபக்கப் பல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். டிரம்பெட்டின் வாய்ப்பகுதி சரியாக அதன்மேல்தான் போய் உட்காரும். அவருடைய சத்தம் வேறு யாருக்கும் வராததற்குக் காரணமே அந்தக் கோணல்தான் என்று நாகையா சத்தியம் செய்வார். இனிப்பு நீர் வியாதி வந்தபின் ஈறு கெட்டுப் பல் லேசாக ஆடியது. ஆடினாலும் பல் பல்தானே.

பூச்சோங் கிளினிக்கில் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "அங்கிள், ஜாக்கிரதையா பார்த்துக்கிட்டா இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாங்கும். எடுத்துட்டா பல்செட்தான். உங்க இஷ்டம்."

நான் டிரம்பெட் ஊதுகிறவன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் இந்துஜா உட்கார்ந்திருந்தாள். இவர் பார்ப்பதைக் கண்டதும் கையை ஆட்டினாள். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒன்று கேட்டிருக்கிறாள், இதற்கும் இல்லையென்பதா? பழகினால் பல்செட்டோடும் ஊதலாம், ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"எடுத்துருங்க டாக்டர்."

வாயில் பஞ்சோடு வந்தவரைப் பார்த்து மார்க்கிரட் சிரித்தாள். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. இனிமேலாவது இந்த வீட்ல நான் பேசுறது கேக்கும்."

ஈறு ஆறி, பல்செட் மாட்டியபோது ஆள் ஜம்மென்றுதான் இருந்தார். மார்க்கிரட் மீன், காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன ஒரு காலையில் ஜன்னலைச் சாத்திவிட்டு டிரம்பெட்டை எடுத்தார். உதட்டில் வைத்து அழுத்தினார். பல்செட் உள்ளே சாய்ந்தது. ஊதினார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. பசை வாங்கி ஒட்டிப் பார்த்தார். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊதிப் பார்த்தார். தினமும், இரண்டு மாதம், உதடு கிழிந்து ரத்தம் வரும்வரை. டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. ஒருநாள் டிரம்பெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எழுபத்துநான்கு வயதில், சின்னப்பிள்ளை மாதிரி, தோள் குலுங்க அழுதார். என்ன செய்வது? இனி அவர் யார்? பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்துக்கு வரிசையில் நிற்கிற ஒரு கிழவர், அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது இந்துஜா காதுக்குப் போகும். நான் கேட்டுத்தான் அப்பாவுக்கு எல்லாம் போயிற்று என்று அவள் ஆயுசுக்கும் சுமப்பாள். ஒன்றுமே கொடுக்காத அப்பன், போகிற காலத்தில் இதையா கொடுப்பது? நாகையாவிடம் போனில், "கல்யாண வேலைப்பா, அடுத்த மாசம் வரேன்" என்றார். ஊதுவதை ஒருவழியாக விட்டாரே என்று மார்க்கிரட் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

கல்யாணத்தன்று தேவாலயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றார். கிள்ளான் மண்டபத்தில் மதிய விருந்து. "என்னடா நிர்மலன், மாப்பிள்ளை அவனா நீயா?" என்று சொந்தக்காரர்கள் கலாய்த்தார்கள். எல்லாருக்கும் பல்லைக் காட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் இந்துஜா மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். எங்கப்பா ஊர்ல உள்ள எல்லாரோட கல்யாணத்துக்கும் ஊதியிருக்காரு. நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்ல. கேக்கவே கூடாதுன்னு ஒரு வீம்பு. அந்த வீம்பை இன்னையோட விட்டுட்டேன்." குரல் உடைந்தது, சிரித்துச் சமாளித்தாள். "அப்பா, இன்னைக்கு எனக்காக ஊதுங்க."

மேடையின் திரை விலகியது. டிரம்ஸுக்குப் பின்னால் நாகையா, பக்கத்தில் அந்த இரண்டு கிழவர்கள். இந்துஜா கையில் அவருடைய டிரம்பெட். கட்டிலுக்கடியிலிருந்து ரகசியமாக எடுத்துப்போய், கண்ணாடி மாதிரி துலக்கி வைத்திருந்தாள்.

மண்டபமே கைதட்டியது. நிர்மலன் எப்படி மேடையேறினாரோ, அவருக்கே தெரியாது. டிரம்பெட்டை வாங்கிக்கொண்டார். மூன்று மாதமாகப் பார்க்காத நண்பனை நாகையா வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அப்புறம் நிர்மலனின் வாயைப் பார்த்தார். நாற்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்த வாய் அது.

"பாவி மனுசா," என்றார் தாழ்ந்த குரலில். "எப்ப எடுத்த?"

"நாகையா, அவகிட்ட மூச்சு விட்டே, செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்."

நாகையா கையிலிருந்த குச்சிகளை மெல்லக் கீழே வைத்தார்.

ஊதினால் வெறும் காற்று வரும். பல்செட் கழன்று விழுந்தாலும் விழும். அந்த நொடியே அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும், இந்த நாளை அவள் வாழ்க்கை முழுக்க நினைத்து அழுவாள். ஊதாவிட்டால் ஒன்றும் புதிதில்லை. அவளுக்குத் தெரிந்த பழைய அப்பாதான். நிர்மலன் மைக்கருகே குனிந்தார்.

"இல்லம்மா. இன்னைக்கு மூட் இல்ல. இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்."

கைதட்டல் நின்றது. பின்வரிசையில் யாரோ, "அட, இந்த மனுஷன் திருந்தவே மாட்டாரு" என்றது மேடைவரை கேட்டது.

இந்துஜா மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னைக்குக்கூடவா, அப்பா?"

அவள் டிரம்பெட்டை அவர் கையிலிருந்து வாங்கி, அன்பளிப்புப் பொட்டலங்கள் குவிந்திருந்த மேசைமேல் வைத்துவிட்டு முகுந்தனிடம் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குள் புகைப்படக்காரர் குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டார். இந்துஜா அந்தக் கோடியில் போய் நின்றாள். நடுவில் மார்க்கிரட்டும் முகுந்தனும். இந்தக் கோடியில் நிர்மலன்.

"அங்கிள், சிரிங்க லா! இவ்ளோ அழகான பல்ல வச்சிக்கிட்டு!"

படம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். நிர்மலன் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். இந்துஜா வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள்.