எடுத்தவன்தான் போடணும்

"உடுத்தியிருந்த துணியும் கூடவே போயிடணும்மா. பையை எடு," என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தார் ராமப்பன், முனிராஜின் தாய்மாமன். "பாக்கெட்டெல்லாம் ஒருவாட்டி பாத்துட்டுக் குடு."

வினோதா கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பை. அவள் புருஷன் முனிராஜை அறுத்துத் தைத்து வெள்ளைத் துணியில் சுற்றி அனுப்பியவர்கள், சட்டையையும் பேண்டையும் இதில் திணித்துக் கொடுத்திருந்தார்கள்.

வெளியே பந்தலுக்குக் கீழே கோவிந்தப்பனின் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஓசூரில் முனிராஜ் வேலை பார்த்த கார் ஷெட்டின் முதலாளி. நேற்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாட்டுத்தான்.

"கரண்டு காரு பேட்டரி வேலைன்னா கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கிட்டு செய்ய வேணாமா? அவன் சாப்புடப் போனப்பகூட வண்டிக்காரருக்கு நானே வண்டிய ஆன் பண்ணிக் காட்டுனன். நல்லாத்தான் இருந்துச்சு. வந்தவன் பிளக்கை உருவாமயே அடியில படுத்து கை வெச்சிட்டான். கரண்டு அடிச்சிருச்சு."

"அவசரத்துல அண்டாவுலயும் கை போவாதும்பாங்க," என்று ஒரு கிழவர் ஒத்து ஊதினார். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

வினோதாவுக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. எல்லாம் அவன் மேல்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு பிளக்கை உருவ மறக்கிற மனுஷனை நினைத்து என்னவென்று அழுவது?

சட்டைப் பையில் ஒன்றுமில்லை. பேண்ட் பைக்குள் கையை விட்டாள். கெட்டியாக ஏதோ இடித்தது. எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை அளவில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளக்.

இதை அவள் அறிவாள். போன மாசம் ஒருநாள் முனிராஜ் இதே மாதிரி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டான். துவைக்கப் போனவள் கையில் அகப்பட்டது.

"கரண்டு கார் பேட்டரியோட பிளக்கு," என்றான். "இத உருவிட்டா வண்டி ஆன் ஆவாது. வேல முடியற வரைக்கும் எம் பாக்கெட்டுலதான் இருக்கும். ஆராச்சும் தெரியாம சொருகிட்டா ஆளு காலி. எடுத்தவன்தான் போடணும்."

சோறு பிசைந்துகொண்டே இன்னொன்றும் சொன்னான். "இடிபட்ட வண்டி ஒண்ணு ஷெட்டுல கெடக்குது. அதோட பிளக்கும் இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் சேரும். மொதலாளி அத டிராயர்ல வெச்சிருக்காரு. தூக்கிப் போடுங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு."

வினோதா பிளக்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இது அவன் பையில் இருந்தபோது வண்டி எப்படி ஆன் ஆனது?

வெளியே பாடை கட்டி முடிந்திருந்தது. தோள் கொடுக்கக் குனிந்த நால்வரில் கோவிந்தப்பனும் ஒருவர். முதலாளியே தோள் கொடுக்கிறார் என்று ஊரே வாய் பிளந்து பார்த்தது.

வினோதா துணிப் பையை ராமப்பனிடம் கொடுத்துவிட்டு, நேரே கோவிந்தப்பன் முன்னால் போய் நின்று உள்ளங்கையை விரித்தாள்.

"இது அவரு பாக்கெட்டுல இருந்துச்சுங்கண்ணா. எடுத்தது எங்க வூட்டுக்காரரு. வேறொண்ணக் கொண்டாந்து போட்டது யாருங்க?"

பறைச் சத்தம் நின்றுபோனது. கோவிந்தப்பன் பிளக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அத... அத இங்க குடும்மா. ஷெட்டுப் பொருளு," என்று கையை நீட்டினார்.

வினோதா அதை முந்தானையில் வைத்து முடிந்தாள்.

பாடை எழும்பியது. கோவிந்தப்பன் தூக்க வேண்டிய முனை மட்டும் தரையிலேயே கிடந்தது. ராமப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, "தள்ளுங்க நீங்க," என்று கோவிந்தப்பனை ஒதுக்கிவிட்டு மூங்கிலைப் பிடித்தார்.

பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். அதுவரை நடந்து வந்த வினோதாவின் இடுப்பில், அடிக்கு அடி அந்த முடிச்சு இடித்துக்கொண்டே வந்தது.