இஞ்சின் ஆறும்வரை

நெளுக்குளத்துக்கு அப்பால் இருந்த கல் குவாரியில் விடியும் முன்பே தூசி கிளம்பிவிட்டது. தயாபரன் வாளியைத் தூக்கிக்கொண்டு டிப்பரின் முன்னால் வந்தான். முதல் நாள் உழைப்பில் முறிந்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை. றேடியேற்றர் மூடியைத் திருகி விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். விரலில் துருச்சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. குழாய்க்கிணற்றுத் தண்ணீரை ஊற்றினான். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படை கட்டும் அதே தண்ணீர்.

ஏறி உட்கார்ந்து பிறேக்கை மிதித்தான். கால் சும்மா இறங்கியது. இரண்டாம் தரம் மிதித்தபோதுதான் பிடித்தது.

இரண்டு வருடத்துக்கு ஒருக்கால், றேடியேற்றருக்குள் இருக்கும் கூலன்றை முழுதாய் இறக்கிக் கழுவிப் புதிதாய் நிரப்ப வேண்டும். பிறேக் ஒயிலும் அப்படித்தான். ஈரத்தை இழுத்து இழுத்தே கெட்டுப்போகிற சாமான் அது. இஞ்சின் ஒயிலை ஓடிய தூரத்தைப் பார்த்து மாற்றவேண்டும், தூசி தின்கிற வண்டிக்கு இன்னும் வேளைக்கு. இதெல்லாம் அங்கே வண்டி ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். முதலாளி ஜனார்த்தனனுக்கும் தெரியும். ஆனால் வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் லோட் போய்விடும். ஆகவே வண்டிகள் நிற்கவில்லை.

அன்று மல்லாவிப் பக்கம் றோட்டு வேலைக்குக் கல் ஏற்றிப் போனார்கள். முன்னால் வீரையாவின் டிப்பர், பின்னால் தயாபரன். மாங்குளம் தாண்டியதும் முன்வண்டியிலிருந்து ஆவி பொங்கியது. வீரையா ஒரு பாலை மரத்து நிழலில் ஓரங்கட்டினார். தயாபரனும் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"ஆறட்டும் தம்பி" என்று வீரையா மரத்தடியில் குந்தினார். ஐம்பது வயது தாண்டிய மனிதர். வெயிலில் வற்றிப்போன முகம்.

வண்டி நின்றது முதலாளிக்கு ஜிபிஎஸ்ஸில் தெரிந்திருக்க வேண்டும். வீரையாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஜனார்த்தனனின் குரல் தயாபரனுக்கும் கேட்டது.

"ஏன் நிக்கிறாய்?"

"கொதிச்சிருச்சு முதலாளி. ஆறணும்."

"ஈரச்சாக்கைப் போட்டுத் திறந்து தண்ணியை ஊத்திப்போட்டு வா. அங்க றோட்டு மெசின் சும்மா நிக்குது. ஏலாதெண்டா நாளைக்கு வேலைக்கு வராத."

வீரையா எழுந்தார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்றான் தயாபரன்.

"பொறுத்தா வேலை போயிரும் தம்பி."

சாக்கை நனைத்து மூடியில் போட்டு மெல்லத்தான் திருகினார். மூடி கையைவிட்டுப் பறந்தது. கொதிக்கிற துருத்தண்ணீர் அவருடைய முகத்திலும் நெஞ்சிலும் அடித்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தயாபரன் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதையும் அவர்மேல் ஊற்றினான். இரண்டு டிப்பரையும் கல்லோடு அப்படியே விட்டுவிட்டு, அந்த வழியால் வந்த வான் வண்டி ஒன்றை மறித்து அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வீரையாவின் மனைவி சிவலட்சுமி மிளகாய்த் தோட்டத்து மண் காயாத காலோடு வந்து சேர்ந்தாள். ஒரு கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"சூட்டோட தொறக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியும் அக்கா."

"அப்புறம் ஏன் தொறந்தாரு?"

போனில் கேட்டதைச் சொன்னான்.

"யாராச்சும் கேட்டா இதையே சொல்லுவீங்களா?"

"சொல்லுவன்."

பின்னேரம் தன் டிப்பரை எடுத்துக்கொண்டு குவாரிக்குத் திரும்பிய தயாபரனை ஜனார்த்தனன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டான்.

"இன்சூரன்ஸ்காரர் வருவினம். சூட்டோட திறந்தது வீரையான்ர பிழை எண்டு சொல்லு. அது பொய் இல்லையே?"

"திறந்தது அவர்தான். திறக்கச் சொன்னது நீங்கள்."

"போன் கதையை விடு. புது வண்டி ஒண்டு வருகுது. அதை உனக்குத் தாறதெண்டு இருக்கிறன். நீ எங்கட ஆள். அவங்கள் எங்கையோ தோட்டத்தில இருந்து வந்தவங்கள்."

தயாபரனின் தகப்பன் குளத்துத் தண்ணீர் பாயும் வாய்க்கால் காணிக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். வீரையாவின் தகப்பன் கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். கடைசிச் சண்டையில் இரண்டு குடும்பமும் ஒரே தறப்பாள் கூடாரத்தில் படுத்து எழும்பின.

"என்ர அப்பாவும் வந்தவர்தான் முதலாளி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மற்ற டிரைவர்மார் வாசலில் நின்றார்கள். நடந்ததைச் சொன்னான். கிருசாந்தன்தான் முதலில் பேசினான். கைக்குழந்தைக்காரன்.

"என்ர பிறேக்கும் ரெண்டு மிதிக்குத்தான் பிடிக்குது. மல்லாவிச் சந்தைக்குள்ளால, சனத்துக்குள்ளால, கல்லோட போறன். ஒரு நாளைக்குப் பிடிக்காட்டி?"

அடுத்த நாள் விடியற்காலை இஞ்சின்கள் எல்லாம் குளிர்ந்து கிடந்தன. தயாபரன் தன் வண்டிக்குக் கீழே கல்தூளில் மல்லாந்து படுத்தான். பாதியாய் வெட்டிய எண்ணெய்ப் பரல் ஒன்றை இழுத்து வைத்துவிட்டு, றேடியேற்றரின் அடித்திருகைக் கழற்றினான். பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் துருநீர் கொட்டியது. பக்கத்து வண்டிக்குக் கீழே கிருசாந்தன் படுத்தான். பிறகு அடுத்தவன். பிறகு மற்றவர்கள். தண்ணீர் விழும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

ஜனார்த்தனன் தன் வானில் வந்து இறங்கினான்.

"என்ன செய்யிறியள்?"

"பழசை இறக்கிறம்" என்றான் தயாபரன், கீழே படுத்தபடியே.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பிறகு பாப்பம். இப்ப லோட் ஏத்துங்கோ."

தயாபரன் வெளியே வந்து எழும்பி நின்றான். முதுகு முழுக்கக் கல்தூள்.

"பிறகு பாப்பம் எண்டே எத்தினை மாரி போயிட்டுது. உங்கட வானுக்கு மட்டும் நேரத்துக்கு எல்லாம் மாத்துறியள்."

"வானில என்ர பிள்ளையள் போறவை" என்றான் ஜனார்த்தனன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது.

"இதில நாங்கள் போறம்" என்றான் தயாபரன். "கூலன்ற், பிறேக் ஒயில், இஞ்சின் ஒயில், எல்லாம் மாத்தாம ஒரு வண்டியும் வெளிக்கிடாது. வீரையா அண்ணையின்ர வைத்தியச் செலவும், அவர் எழும்புமட்டும் சம்பளமும் நீங்கள் பாக்கவேணும். இன்சூரன்ஸ்காரர் கேட்டா நான் காதால கேட்டதைச் சொல்லுவன்."

"வேலையில்லாம எத்தினை டிரைவர்மார் இருக்கினம் தெரியுமோ? மத்தியானத்துக்குள்ள ஆக்களைக் கொண்டாறன்."

"கொண்டாங்கோ. அவைக்கும் சொல்லுறம்."

ஜனார்த்தனன் கதவை அறைந்து சாத்தினான். வான் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

வெயில் ஏறியது. தண்ணீர்க் குழாயைப் பொருத்தி வண்டி வண்டியாய்க் கழுவினார்கள். கழுவக் கழுவத் தண்ணீர் சிவப்பாய் வந்தது, பிறகு மஞ்சளாய். பாறை உடைக்கும் மெசினடியில் கல் பொறுக்கிப் பிரிக்கிற பெண்கள் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார்கள். கிருசாந்தன் குழாயைப் பிடித்தபடி கேட்டான்.

"கூலன்ற் வராட்டி என்ன செய்வம் அண்ணை?"

"நாளைக்கும் கழுவுவம்."

உடைத்த கல்லை ஏற்ற வண்டி இல்லாமல் மெசினும் நின்றது. அதன் இரைச்சலுக்குப் பழகிய காதுகளுக்கு அந்த அமைதி புதிதாயிருந்தது. பெண்கள் கல் குவியல்களிலிருந்து இறங்கி வந்து டிப்பர்களின் நிழலில் அமர்ந்தார்கள். ஒருத்தி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தாள்.

பாதி சாப்பாட்டில் றோட்டுப் பக்கம் வானின் சத்தம் கேட்டது. உள்ளே இருப்பது கூலன்ற் கலன்களா, வேறு டிரைவர்மாரா என்று தூசியில் தெரியவில்லை. தயாபரன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்கு நடந்தான். பின்னால் செருப்புகளின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள்.