பனங்கட்டிப் பாகு

ஹம்பேர்க் ஸ்டேஷனடியில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் தபோதரன், விலைப்படாத சரக்கை அன்பளிப்பாக மாற்றுவதில் கைதேர்ந்தவன். திகதி முடியப்போகும் மிக்சர் கோயிலுக்குப் போகும். உடைந்த அப்பளம் மச்சாளுக்குப் போகும். அந்தத் தாராளம் தேனீக்கள் வரை நீண்டதுதான் வினை.

ஆவணியில் இராசலிங்கம் அண்ணை இடுப்பு ஒப்பரேசனுக்குப் போகும்போது, தன் தோட்டத்தில் பெட்டிகளில் வளர்த்த இரண்டு தேன்கூடுகளையும் அவனிடம் ஒப்படைத்தார். குளிர்காலத் தீனிக்கு வெள்ளைச் சீனிப்பாகு வைத்தால் போதும் என்றார். கடை மூலையிலோ ஓர் அட்டைப்பெட்டிப் பனங்கட்டி கசிந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சீனி மனிதருக்கே கூடாது, பூச்சிக்கு மட்டும் நல்லதா? வாங்குபவனும் விற்பவனும் ஒரே ஆளென்றால் பேரம் சுலபம். பனங்கட்டியைக் கரைத்து ஊற்றினான்.

தை மாதம் அண்ணை ஊன்றுகோலுடன் வந்து முதற்கூட்டைத் திறப்பித்தார். அடை தொங்கும் சட்டமெங்கும் பழுப்புக் கழிச்சல்; அடியில் தேனீக்கள் குவியலாய்ச் செத்துக் கிடந்தன.

“வயித்தாலை போயிருக்கு,” என்றார். “குளிருக்கை வெளியிலை போகேலாது, மாசக்கணக்கா அடக்கிக்கொண்டு இருக்குங்கள். சாப்பாடு சுத்தமில்லாட்டி இதுதான் கதி. பிழை என்னிலை. இந்தக் கூட்டிலை கடைசிக் கறுப்புத்தேனை எடுக்காமல் விட்டிட்டன், அது குளிருக்கை இதுகளுக்குச் செமிக்காது.”

கேட்காமலே ஒருவர் பழியைத் தூக்கிக்கொள்கிறார். இப்படி ஒரு சலுகை வியாபாரத்தில் தபோதரன் கண்டதில்லை.

அண்ணை மற்றக் கூட்டில் காதை வைத்தார். “இது உயிரோடை இருக்கு. இதுக்குப் பயமில்லை, உன்ரை வெள்ளைப் பாகு மட்டுந்தானே. பங்குனி வரைக்கும் திறக்கத் தேவையில்லை. வா, தேத்தண்ணி குடிப்பம்.”

அவர் தோட்டத்துப் படலையடிக்குப் போய்விட்டார்.

“அண்ணை, பாகிலை கொஞ்சம் பனங்கட்டியும் போட்டனான்.”

“கொஞ்சமெண்டா?”

“ரெண்டு கிலோ.”

அண்ணை திரும்பிப் பார்த்தார்.

“அஞ்சு வரும்.”

அவர் பார்வையை எடுக்கவில்லை.

“இருபது, அண்ணை. ரெண்டு கூட்டுக்கும். சீனி போடவே இல்லை.”

“நல்லதெண்டு நினைச்சோ?”

“அப்பிடித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டனான். அது விலைப்படேல்லை.”

அவர் ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“அப்ப இதுகளும் அடக்கிக்கொண்டுதான் இருக்குங்கள்,” என்றார். “வெள்ளைச் சீனிமாவிலை என்ரை தேனை விட்டுப் பிசைஞ்சு மேலை வைப்பம். அதைத் தின்னட்டும். ஒரு வெயில் நாள் வந்தால் பறந்துபோய்க் கழிச்சுப்போட்டு வருங்கள். வராட்டி ஒண்டும் செய்யேலாது. நீ போய்ச் சீனிமா வாங்கியா. உன்ரை கடையிலை எடுக்காதை.”

சந்தியிலிருந்த ஜெர்மன் கடையில் தபோதரன் சீனிமாப் பொதியின் பின்பக்கச் சேர்மானப் பட்டியலை மூன்று தரம் வாசித்தான். சீனி என்ற ஒரே சொல்தான் இருந்தது. நான்காம் தரமும் வாசித்தான்.