பவானி வீட்டு வாசலில் சுருளிவேலின் செருப்பு

1

இந்தக் கதை ஒரு சுவரொட்டியில் தொடங்கியது.

கம்பத்தில் ஓர் அச்சகத்தில் கணினியில் எழுத்துக் கோக்கும் வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. இதுவரை நான் எழுதியதெல்லாம் அவ்வளவுதான். அதில் ஒரு வசதி, முடிவு முன்பே தெரியும். கல்யாணம் என்றால் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’, சாவு என்றால் ‘துயரில் வாடும்’. அதற்குக் கீழே உறவுமுறையும் பெயரும். உறவுமுறை இல்லாத பெயர் எங்கள் அச்சகத்திலிருந்து வெளியே போகாது. அது முதலாளி ஞானசிகாமணி போட்ட சட்டம்.

போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு சுருளிவேல் இறந்துபோனார். அவருடைய சுவரொட்டியையும் நான்தான் கோத்தேன். ‘துயரில் வாடும் மனைவி’ என்று அடித்துவிட்டு நின்றுவிட்டேன். அடுத்து ஒரு பெயர் வர வேண்டும். ஊரே ஒரு பெயரைச் சொன்னது. பவானி. பவானி அவருக்கு மனைவி இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால்

(இதை இழுக்க வேண்டாம். பவானி நான்தான். ஆனால் இனிமேல் ‘அவள்’ என்றே எழுதுவேன். ‘நான்’ என்று எழுதினால் கூச்சமாக இருக்கிறது. ‘அவள்’ என்றால் கொஞ்சம் கேலி செய்யலாம். கேலி செய்யாமல் இதை எழுதி முடிக்க என்னால் முடியாது.)

‘மனைவி’ என்கிற அந்த ஒரு சொல்லை அங்கே வைக்கலாமா, கூடாதா? இந்தக் கதைக்கு இருக்கும் வேலை அவ்வளவுதான்.

2

தொடக்கம் ஒன்று: ‘மேற்கு மலையில் மேகம் இறங்கி, திராட்சைப் பந்தல்களின் மேல் மெல்லிய சாரல்’

(கூடாது. எங்கள் பக்கத்துக் கதைக்கெல்லாம் மலையில் மேகம் இறங்கிவிடுகிறது. அன்று மண்டையைப் பிளக்கிற வெயில்.)

தொடக்கம் இரண்டு: ‘நிகழும் மங்களகரமான ஆண்டு வைகாசித் திங்கள்’

(கைப்பழக்கம். மன்னிக்கவும்.)

தொடக்கம் மூன்று: விஜய்பாண்டிக்கு வெட்கம் கிடையாது.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

விஜய்பாண்டிக்கு வெட்கம் கிடையாது. அவன் பவானியின் பழைய புருஷன், ஆண்டிபட்டிக்காரன். கோர்ட்டில் தீர்ப்பாகி வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி வந்து, ஒரு மிக்சர் பொட்டலத்தோடு அவள் வாசலில் நிற்பான்.

“எங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சுபோச்சு, பவானி.”

“டாக்டர்ட்ட காட்டு.”

“காட்டியாச்சு. உக்காந்து எந்திரிக்கக் கூடாதுன்டாக. அடுப்படியில நிக்க ஆளில்ல. பழச மறந்துட்டு வந்துரு.”

“பழச மறந்தாச்சு. ஒன்னையும் சேத்துத்தான் மறந்தேன். கெளம்பு.”

மிக்சரைப் படியில் வைத்துவிட்டுப் போவான். அடுத்த ஞாயிறு வருவான். முட்டி இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் சுருளிவேல். தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவர். மனுஷரோடு பேசுவதைவிட மோட்டாரோடு அதிகம் பேசுகிறார் என்று சொல்லி, அவர் மனைவி பஞ்சம்மாள் உறவைத் தீர்த்துக்கொண்டு தேவாரம் என்கிற ஊருக்குப் போய் வேறு கல்யாணமும் செய்துகொண்டாள். அதோடு விட்டிருந்தால் எனக்குக் கதை இல்லை. ஒரு மனுஷனைத் தனியாக விட்டு வந்தோமே என்கிற உறுத்தலில், அவளே அவருக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். செல்போனில் படங்களோடு வருவாள்.

“இங்கன பாருங்க. மயிலாடும்பாறப் பொண்ணு. தங்கமான கொணம். காது மட்டும் கொஞ்சம் மந்தம்.”

“காது கேக்காதா?”

“அதனால என்ன? நீங்க பேசவா போறீக?”

(இந்த இடத்தை நான் கற்பனை செய்யவில்லை. நடுச்சுவர் மெல்லிசு.)

3

லத்திபாக்கா என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது யோசனை சொல்வதற்கென்றே ஒருத்தி வருவது ரொம்ப வசதியான ஏற்பாடு. ஆனால் அவர் இருக்கிறார். இரண்டு வீடும் இருக்கிற காம்பவுண்டின் சொந்தக்காரி. முன்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை இரண்டு வாசலையும் டிவியில் இரண்டு சேனல் மாற்றிப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவர். ஒருநாள் இருவரையும் கூப்பிட்டார்.

“ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. சுருளி, நீ செருப்பக் கழட்டி பவானி வாசல்ல விடு. ஆத்தா, நீ ஒரு சேலையக் கொண்டுபோயி அவரு கொடியில காயப்போடு. வர்றதுக ரெண்டும் பாத்துட்டு வந்த வழியே போயிரும்.”

“ஐயய்யோ, ஊரு என்னக்கா சொல்லும்?”

“காம்பவுண்டு என்னுது. ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்.”

பவானி சுருளிவேலைப் பார்த்தாள். அவர் தன் காலைப் பார்த்தார். வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“எங்கிட்ட ஒரு சோடிதான் இருக்கு.”

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இதைவிடத் தெளிவாக அவர் எதற்கும் சம்மதம் சொல்லி நான் கேட்டதில்லை.

4

அந்த வாரம் முழுக்கச் செருப்பு பவானியின் வாசலில் கிடந்தது. சுருளிவேல் வெறுங்காலோடு வேலைக்குப் போனார். இன்னொரு செருப்பு வாங்கலாம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. விஜய்பாண்டி வந்தான். செருப்பைப் பார்த்தான்.

“இது யாருது?”

“அவகளுது.”

“எவக?”

திட்டப்படி இந்த இடத்தில் சுருளிவேல் காபி டம்ளரோடு உள்ளேயிருந்து வர வேண்டும். வந்தார். திட்டப்படி பவானி ஏதாவது குழைவாகச் சொல்ல வேண்டும். சொன்னாள்:

“வாங்கண்ணே.”

முன்வீட்டு ஜன்னலில் லத்திபாக்கா தலையில் கைவைத்ததை மூன்று பேருமே பார்த்தார்கள்.

(அவள் என்ன செய்வாள்? பக்கத்து வீட்டு ஆம்பளை என்றால் எங்கள் வாயில் தானாக வருகிற சொல் அது. அச்சக முதலாளி அண்ணே, பால்காரர் அண்ணே, பஸ் கண்டக்டர் அண்ணே. இத்தனை அண்ணன்மார் இருக்கிற ஊரில் புருஷனாக நடிக்க ஒரு ஆளைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் யோசிப்பதில்லை.)

அப்போது சுருளிவேல் தன் வாழ்நாளின் மிக நீளமான பேச்சைப் பேசினார்.

“ஆமா. பக்கத்து வீட்டுல இருந்தப்ப அப்பிடித்தான் கூப்புடுவா. பழக்கம் விடல. போகப் போகச் சரியாயிரும்.”

காபியைக் குடித்தார். விஜய்பாண்டி சும்மா இருக்கிறவன் இல்லை. குனிந்து செருப்பின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலில் அப்பிக்கொண்டு வந்தது.

“இம்புட்டுத் தூசி கெடக்கு. மாப்ள நடக்காம பறந்தா போறாக?”

அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் மிக்சரைக் கையோடு எடுத்துக்கொண்டு போனான். பாதி வெற்றி.

5

ஆக, செருப்பில் தூசி படியக் கூடாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பகலில் சுருளிவேல் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்ததும் அதைப் பவானியின் வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு தன் வீட்டுக்கு நடந்துபோவார். காலையில் வெறுங்காலோடு வந்து போட்டுக்கொண்டு போவார்.

செருப்பை எடுக்க வருகிறவருக்கு ஒரு காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? செருப்பை விட வருகிறவர் ஒரு வார்த்தை பேசாமல் போக முடியுமா? “கரண்டு இருக்கா?” என்பார். தலைக்கு மேல் லைட் எரிந்துகொண்டிருக்கும். “இருக்கு” என்பாள். மழை பெய்தால் அவள் செருப்பை உள்ளே எடுத்துவைப்பாள். வார் அறுந்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் கொண்டுபோய்த் தைத்து வந்தாள்.

(இந்தப் பத்தியைக் காதல் என்று படிக்கிறவர்கள் இருப்பீர்கள். நான் திருப்பிப் படித்துப் பார்த்தேன். செருப்பு என்றுதான் எழுதியிருக்கிறேன்.)

‘அண்ணே’ விலக்கப்பட்டது. அந்த இடத்துக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ‘என்னங்க’ என்று ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். இருவருக்கும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அவள் எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. நடுச்சுவரில் கரண்டியால் தட்டுவாள். அவர் வருவார்.

நாடகம் நன்றாகவே ஓடியது. மறுபடி வந்த விஜய்பாண்டி, செருப்பின் அடியில் தோட்டத்து மண் ஈரமாக ஒட்டியிருப்பதைப் பார்த்தான். அம்மாவுக்குச் சமையல் ஆள் வைத்துவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டோம். பஞ்சம்மாள் வந்து, கொடியில் கிடந்த சேலையின் முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தேன் அலசியிருக்கா” என்றாள். அங்கேயே நின்று செல்போனில் பொண்ணுகளின் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு பவானியின் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன், ஆத்தா.”

பவானிக்கு அப்போதுதான் முதல்முறையாக அந்த நாடகம் கனத்தது.

இரண்டு பேரும் வருவது நின்றுவிட்டது. யாருக்காக நடித்தார்களோ அவர்களே இல்லை. அதற்குப் பிறகும் செருப்பு ஏன் சாயங்காலந்தோறும் அங்கே வந்துகொண்டிருந்தது என்றால்

(இந்த வாக்கியத்தைப் பலமுறை தொடங்கிவிட்டேன். முடிய மாட்டேன் என்கிறது. அவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவருக்கும் இருந்ததா என்பதை எழுத எனக்கு அதிகாரம் இல்லை.)

6

கூடலூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், கிணற்று மோட்டாரைத் தூக்கும்போது சுருளிவேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

இதற்கு மேல் இந்தப் பத்தியை அழகாக்க எனக்கு விருப்பமில்லை.

தோப்புக்காரர் செல்லப்பாண்டி காம்பவுண்டுக்கு வந்தார். அவர் கையில் செருப்பு. கிணற்றில் இறங்குமுன் கழற்றிவிட்டது. இரண்டு வாசல்களும் அடுத்தடுத்து இருந்தன. செல்லப்பாண்டி கொஞ்சமும் தயங்கவில்லை. நேராக வந்து பவானியின் வாசலில் அதை ஜோடியாக வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் அச்சகத்துக்குப் பஞ்சம்மாள் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“மனைவின்னு போட்டு இவ பேரப் போடுங்க” என்றாள் ஞானசிகாமணியிடம்.

“அக்கா, நான் வந்து…” என்று பவானி ஆரம்பித்தாள்.

“நீ இல்லேன்னா வேற யாரு? நான் விட்டுட்டுப் போன மனுசன நீ வச்சுப் பாத்த. அத நெனச்சுத்தேன் இத்தன வருசம் எனக்குச் சோறு எறங்குச்சு.”

இனி முடிவுகள்.

முடிவு அ: அவள் உண்மையைச் சொல்கிறாள். பஞ்சம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். சுருளிவேல் கடைசிவரை தனியாகத்தான் இருந்தார் என்கிற எண்ணத்தைத் தேவாரத்துக்குக் கொண்டுபோகிறாள். உண்மையான முடிவு. ஆனால் அவர் தனியாகவா இருந்தார்? அப்படியானால் காலையில் காபி குடித்தது யார்?

முடிவு ஆ: ‘துயரில் வாடும் மனைவி பவானி.’ கம்பத்துச் சுவரெல்லாம். விஜய்பாண்டி துக்கம் கேட்க வருகிறான், மிக்சர் இல்லாமல். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தச் சொல்லை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மறுக்க ஆளில்லாத நேரம் பார்த்து அவள் எடுத்துக்கொள்ளலாமா?

முடிவு இ: ‘துயரில் வாடும் பக்கத்து வீட்டார்.’ இதை லத்திபாக்காவிடம் கேட்டேன். “போடி இவளே, பக்கத்து வீட்டுக்காரி எவளாவது செருப்பு வாரத் தச்சுக் குடுப்பாளா?” என்றார்.

அவள் என்ன செய்தாள் என்றால், சரி, நான் என்ன செய்தேன் என்றால், அடித்து வைத்திருந்த ‘மனைவி’யை அழித்தேன். அந்த இடத்தை மூடாமல் அப்படியே விட்டேன். பெயரைப் போட்டேன்.

துயரில் வாடும்
                          பவானி

ஞானசிகாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “மொற விட்டுப்போச்சே, ஆத்தா.”

“தெரியும்ணே.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டத்தைத் தானே மீறி அச்சுக்கு அனுப்பினார். ஊரில் எல்லோரும் அதை அச்சுப்பிழை என்று நினைத்தார்கள். பஞ்சம்மாள், துக்கத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை பாவம் என்று சொன்னாளாம். லத்திபாக்கா மட்டும் காம்பவுண்டுச் சுவரில் ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்தார்.

“தங்கச்சின்னு போடாம விட்டியே, அந்த மட்டுக்கும் பொழச்ச” என்றார்.

அன்றைக்கு நான் சிரித்தேன். சாவு விழுந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது, அது வேறு.

7

அந்தச் சுவரொட்டிகளை மழை கரைத்துவிட்டது. ஒட்டியிருந்த மிச்சத்தின் மேல் வேறு அஞ்சலிகள் ஏறிவிட்டன. ஆனால் நான் விட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் என்ன சொல்லைப் போடலாம் என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். நான் எழுத்துக் கோக்கிறவள். நீங்கள் சொன்னால் போட்டுத் தருவேன்.

சொல்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கம்பத்துப் பக்கம் வந்தால் லத்திபாக்கா காம்பவுண்டில் எட்டிப் பாருங்கள். என் வாசலில் ஓர் ஆம்பளைச் செருப்பு கிடக்கும். சாயங்காலமானால் நான் அதைப் போட்டுக்கொள்கிறேன். எனக்கு ரொம்பப் பெரிசு. என் வாசலிலிருந்து பூட்டிக் கிடக்கும் அவர் வாசல்வரை சளப் சளப்பென்று நடந்துபோய்த் திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே கழற்றிவிடுகிறேன்.

விஜய்பாண்டி மாதிரி குனிந்து, விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

தூசி இருக்காது.