ஆற்றில் போகாதவள்

செல்வமேரி டீச்சர் கரும்பலகையில் எழுதிய ஆங்கிலச் சொல்லை 'காதிக்' என்று வாசித்துக் காட்டியதும் பதினோராம் வகுப்பில் சிரிப்பு கிளம்பியது.

"காதின்னா கதர்தானே டீச்சர்? கதர்க்கடைக் கதையா?"

"கதர் இல்லம்மா. பயமுறுத்துற கதைகள்ல இது ஒரு வகை. இதுக்கு என்னென்ன சாமான் வேணும்னு பார்ப்போம். ஒரு பழைய கட்டடம். அதுல பூட்டிக் கிடக்கிற ஒரு அறை. எல்லாரையும் அடக்கி வைக்கிற ஒருத்தர். வெளியே போகத் தவிக்கிற ஒரு பொண்ணு. இடி, மழை, காத்து. இதெல்லாம் மேலுக்கு. அடியில எப்பவோ நடந்த ஒரு தப்பு இருக்கும். அதை மறைக்கத்தான் பூட்டு. பேய் அந்தப் பூட்டுக்குக் காவல்."

அறுபத்திரண்டாம் வருஷம். திருச்சி கன்டோன்மென்ட் பக்கம், யாரோ வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவில் நடந்த பெண்கள் பள்ளி அது. செல்வமேரி அங்கே ஆங்கிலம் நடத்த வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"புத்தகத்துல இருக்கிறது சீமைக் கதை. நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு தெரியுமா?"

உறையூர் நெசவுக்காரர் மகள் வள்ளிக்கண்ணு எழுந்தாள். "எங்கேயும் போக வேணாம் டீச்சர். நம்ம தலைக்கு மேலேயே இருக்கு."

மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடந்தது. முன்பு ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி என்று ஒரு பெண் இங்கே படித்தாளாம். வகுப்பில் முதல். வீட்டில் கல்யாணம் நிச்சயித்தபோது மேலே படிக்க வேண்டும் என்று அடம்பிடித்து, கடைசியில் காவேரியில் விழுந்துவிட்டாளாம். இப்போது மாடி ஜன்னலருகே உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறாளாம்.

"காலேஜ்ல சேரணும்னு சொன்னதிலேருந்து எங்கம்மா தினமும் அவ பேரைச் சொல்லித்தான் டீச்சர் திட்டுறாங்க. ரங்கநாயகி மாதிரி ஆத்துல போகப் போறியான்னு."

"கட்டடம் இருக்கு, பூட்டு இருக்கு, பொண்ணும் இருக்கா. மறைச்ச தப்பு எது? யாரு பண்ணினது?" என்று கேட்டாள் செல்வமேரி. அதற்குள் மணி அடித்தது.

அன்று பிற்பகலே தலைமையாசிரியை அற்புதம்மாள் கூப்பிட்டனுப்பினார். முப்பது வருஷ சர்வீஸ். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை; உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததில்லை.

"பேய்க்கதை பேசினீங்களாமே."

"பாடத்துல இருக்கு மேடம்."

"பாடத்தோட நிறுத்திக்குங்க. மாடி விஷயம் பாடத்துல இல்லை."

"மாடியைப் பத்திப் பிள்ளைங்கதான் சொன்னாங்க. இனி கேட்டா நான் பதில் சொல்லணுமே."

"எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆகணும்னு இல்லை, செல்வமேரி. போய்ட்டு வாங்க."

அவர் பயமுறுத்தியிருந்தால் செல்வமேரி அடங்கியிருக்கக்கூடும். அந்த அமைதிதான் அவளை உறுத்தியது.

அந்த வாரம் அவள் அக்கா பாக்கியமேரிக்குப் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைத் துடைத்துக் கொண்டிருந்த நர்ஸ், செல்வமேரி எந்தப் பள்ளி என்று கேட்டாள். சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"பங்களா ஸ்கூலா? மாடியில ரீடிங் ரூம் இருக்குமே. ஜன்னல்ல மலைக்கோட்டை தெரியும்."

"அது பூட்டிக் கிடக்கு சிஸ்டர். பேய் இருக்காம்."

"யாரோட பேய்?"

செல்வமேரி கேள்விப்பட்டதைச் சொன்னாள். நர்ஸ் குழந்தையைப் பதனமாகத் தாயிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

"அந்த ரங்கநாயகி நான்தான்."

செல்வமேரி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"தொட்டுப் பாருங்கோ, சூடு இருக்கு," என்று சிரித்தாள் ரங்கநாயகி. "எங்க பாஷையில ஆம்னா வீடு. ஆத்தை விட்டுத்தான் போனேன். ஆத்துல விழலை."

மாடி அறையில் கிடந்த பேப்பரில்தான் அந்த விளம்பரத்தை அவள் பார்த்தாள். வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி. நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லி ரயிலேறினாள். கண்டவர்களைத் தொட்டு மலஜலம் அள்ளுகிற வேலைக்குப் போனவள் செத்தவள் என்று அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டதாக ஒரு கடிதம் வந்தது. அதோடு சரி. பயிற்சி முடிந்து அரசாங்க வேலை கிடைத்து, இப்போதுதான் திருச்சிக்கு மாற்றலாகி வந்திருந்தாள்.

"ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வாங்களேன்," என்றாள் செல்வமேரி.

"எதுக்கு? செத்தவளா இருக்கிறதுலயும் ஒரு சௌகரியம் இருக்கு. யாரும் வந்து புத்தி சொல்றதில்லை."

"உங்க பேரைச் சொல்லி ஒரு பொண்ணை வீட்டுல உட்கார வைக்கப் பாக்கிறாங்க, சிஸ்டர்."

வள்ளிக்கண்ணுவின் கதையைக் கேட்கக் கேட்க ரங்கநாயகியின் சிரிப்பு மறைந்தது. "என் பேரை வெச்சா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "வியாழக்கிழமை எனக்கு மத்தியானம் டியூட்டி. காலம்பற வரேன்," என்றாள்.

டியூட்டிக்குக் கிளம்பிய கோலத்திலேயே வந்தாள். வெள்ளைச் சேலை, வெள்ளைத் தொப்பி. செல்வமேரி வகுப்பைப் பார்த்து, "மாடியில இருக்கிறதா சொன்னீங்களே, இவங்கதான் ரங்கநாயகி," என்றாள்.

ஒரு பெண் பெஞ்சுக்குக் கீழே குனிந்துகொண்டாள். வள்ளிக்கண்ணு மட்டும் நேராகப் பார்த்து, "நீங்க சாகலையா?" என்றாள்.

"சாகலைம்மா. படிச்சேன். சம்பாதிக்கிறேன். ராத்திரி நன்னா தூங்கறேன்."

செய்தி ஆபீசுக்கு எட்டி, அற்புதம்மாள் வாசலில் வந்து நின்றார். ரங்கநாயகியைக் கண்டார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதைச் செல்வமேரி கவனித்தாள்.

"நீ இங்கே வந்திருக்கக் கூடாது."

"நான் உசிரோட இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

வகுப்பே அவரைப் பார்த்தது.

"உங்கப்பா வந்து அழுதார்," என்றார் அற்புதம்மாள். "ஓடிப்போயிட்டான்னு வெளியே தெரிஞ்சா உன் தங்கைகளுக்குக் கல்யாணம் நடக்காதுன்னார். ஆத்துல போயிட்டான்னா இரக்கமாவது மிஞ்சும்னார். இன்னொருத்தி பேப்பர் பார்த்துட்டுக் கிளம்பக் கூடாதுன்னு நான் ரூமைப் பூட்டினேன், அவ்வளவுதான். பேயை நான் உண்டாக்கலை."

"வந்த பேயைப் போகவும் சொல்லலை நீங்க," என்றாள் ரங்கநாயகி. "எத்தனை பொண்களை அதைக் காட்டி ஊர்க்காரா உட்கார வெச்சாளோ, தெரியலை. அந்தச் சாவியைக் கொடுங்கோ."

"முடியாது."

"அப்ப பூட்டியே இருக்கட்டும். உள்ளே நான் இல்லைன்னு இவாளுக்குத் தெரிஞ்சாச்சு."

அவள் போனபின் செல்வமேரிக்கு மெமோ வந்தது. மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும். "தப்புப் பண்ணியிருந்தா எழுதுவேன் மேடம்," என்று காகிதத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த திங்களிலிருந்து அவளுக்கு ஆறாம் வகுப்புதான். பதினோராம் வகுப்புப் பெண்கள் இடைவேளையில் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அற்புதம்மாள் பார்த்தும் பார்க்காதது போலக் கடந்து போனார். வள்ளிக்கண்ணுவின் அம்மா ஒரு நாள் சண்டைக்கு வந்து, செல்வமேரியோடு ஆஸ்பத்திரிவரை போய் ரங்கநாயகியைக் கண்ணால் பார்த்துவிட்டு, உறையூர் பஸ் ஏறினாள். காலேஜ் பற்றிச் சரி என்று அவள் சொல்லவில்லை. ஆனால் திட்டுவதற்கு அவளுக்கு அந்தப் பெயர் இல்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்த செல்வமேரியை ரங்கநாயகி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்தாள். டவுன் பஸ் பாலத்தைத் தாண்டும்போது ரங்கநாயகி ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஆற்றில் புது வெள்ளம் போய்க்கொண்டிருந்தது.

உத்தர வீதியில், வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். பேப்பரை மடித்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ் விழும் சத்தம் தெருவுக்குக் கேட்டது.

அப்பா சாத்திய கதவை ரங்கநாயகி ஒரு தரம் பார்த்தாள். எதிர்வீட்டு மாமி கோலப்பொடிக் கிண்ணத்தோடு திகைத்து நின்றாள். ரங்கநாயகி அவளை நோக்கி நடந்தாள்.

"நான் ரங்கநாயகி, மாமி. உசிரோடதான் இருக்கேன். பெரியாஸ்பத்திரியில பிரசவ வார்டு. யாருக்கு வேணும்னாலும் வரச் சொல்லுங்கோ."

ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. அவள் எந்த ஜன்னலுக்கும் முகத்தை மறைக்காமல் வீதியின் நடுவில் நடந்தாள். செல்வமேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.